மேல் பக்கம்

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக நிற்க வைத்தால், அது செலண்டாரில் ஆரம்பித்து மலாக்கா வரைக்கும் நீளும். அந்த வரிசையில் முதல் ஆளாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பது இதுதான்: பஸ் பட்டறையின் புகையை வெளியேற்றக் குழாய் போடச் சொன்னார்கள். நான் அதன் வாயைக் கடற்காற்றுக்கு நேராகத் திறந்து வைத்தேன்.

அதற்கு முன்பு நான் செலண்டார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் தகர வேலை பார்த்தேன். புகை வெளியே கசியாமல் அடைப்பதுதான் என் தொழில். ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்தபோது, மலாக்கா பட்டறையில் ஃபிட்டராக இருந்த எங்கள் லயத்து வரிசை வீட்டு அண்ணன், "தகரத்துல இவன் கெட்டி" என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். புகையை அடைக்கப் பழகியவனைப் புகையை விரட்டக் கூப்பிட்டார்கள். அப்போதே எல்லோரும் ஓடியிருக்க வேண்டும்.

பட்டறைத் தரையில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பஸ்ஸை அதன்மேல் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுவார்கள். அண்ணன் கீழே நின்று காதாலேயே கோளாறு கண்டுபிடிப்பார். வண்டி கக்குகிற புகையெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். சாயங்காலம் அவர் துப்பினால் கறுப்பாக இருக்கும். குழாய் அவருக்காகத்தான்.

பட்டறையின் வெள்ளைக்காரத் துரை வரைந்த படத்தை, அவர் இங்கிலீஷை எங்களுக்குத் தமிழில் சொல்லும் ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணியார் கொண்டுவந்தார். நான் அதைத் தலைகீழாகப் பிடித்து, புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

"குழாயை மேல் பக்கமாய் விடட்டாம்" என்றார் கிராணியார்.

"மேல் பக்கந்தானே, ஐயா?"

"ஓம், ஓம். எத்தினை தரம் சொல்லுறது?"

இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட அறிவாளி நான்! எங்கள் ஊரில் மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு. லயத்திலும் மேலக்கோடி என்றால் மேற்குக் கோடி. துரை சிங்கப்பூர் போயிருந்த இரண்டு வாரத்தில், தகரத்தை வளைத்து, ஆணி அடித்து, குழாயைப் பள்ளத்திலிருந்து எழுப்பி, கூரைக்குக் கீழே முழு நீளத்துக்கும் ஓட்டி, கடல் பார்த்த மேற்குச் சுவரைக் குடைந்து வெளியே விட்டேன். புகை உயரத்தான் போகும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் தெரிந்திருந்ததுதான் வினை.

முதல் நாள் காலையில் அருமையாக வேலை செய்தது. நான் குழாயைத் தட்டித் தட்டி எல்லோருக்கும் காட்டினேன். மத்தியானம் கடற்காற்று எழுந்தது. போன புகை அத்தனையும் திரும்பி வந்து, அண்ணன் நின்ற பள்ளத்துக்குள்ளேயே இறங்கியது. சத்தம் இல்லையே என்று எட்டிப் பார்த்தால், சுவரில் சாய்ந்து தலை தொங்கிக் கிடந்தார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். வெளியே வந்து வாந்தி எடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

மறுநாள் துரை வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

"கூரையில ஓட்ட போட்டு நேரா ஏத்திடுறேன், ஐயா. அரை நாள் வேல" என்றேன் கிராணியாரிடம்.

அவர் துரையிடம் பேசிவிட்டுத் திரும்பினார். "கூரை புதுத் தகரமாம். அடுத்த மாசம் முதலாளிமார் வந்து பார்த்துப் போகுமட்டும் தொடக்கூடாதாம்."

"அதுவரைக்கும் பள்ளத்துல எறங்குறவரு?"

"கதவைத் திறந்து வைக்கட்டாம்."

"கதவும் மேல் பக்கந்தான்லா, ஐயா!"

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மேல் பக்கம் எண்டு சரியாத்தானே சொன்னனான்."

தகரம் பளபளக்க வேண்டுமாம். கீழே ஒரு மனிதன் கறுப்பாகத் துப்பினால் பரவாயில்லையாம். எனக்கு உச்சந்தலை கொதித்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. துரைமேல், கிராணியார்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, தலையாட்டிய என் தலைமேல்.

மத்தியானம் அண்ணனை மறுபடியும் பள்ளத்தில் இறங்கச் சொன்னார்கள். அவர் நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார். நான் உளியும் சுத்தியலுமாக ஏணியில் ஏறிவிட்டேன். தகரம் தோசைக்கல் போலக் காய்ந்திருந்தது. முழங்கால் இரண்டும் வெந்தன. குழாய்க்கு நேராகப் புதுக் கூரையில் விட்டேன் ஒரு குத்து.

"இறங்கடா! துரை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று கிராணியார் முற்றத்திலிருந்து கத்தினார்.

"அவன் மேல் பக்கம் போயிருக்கான்னு சொல்லுங்க!"

குழாயின் முதுகையும் வெட்டித் திறந்து, மிச்சம் இருந்த துண்டுக் குழாயை அதில் நிமிர்த்தி வைத்துக் கம்பியால் இறுக்கினேன். மேற்குப் பக்கத்து வாயைக் கோணிச் சாக்கு திணித்து அடைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. எஞ்சினை ஓடவிட்டார்கள். கடற்காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. என் முகத்துக்கு நேரே கறுப்புப் புகை குபுகுபுவென்று எழும்பி வானத்துக்குப் போயிற்று. வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் வாயெல்லாம் பல்லாக, ஓட்டை வழியே தலையை நீட்டிக் கத்தினேன்.

"அண்ணே, பொகை மேல போகுதுண்ணே! பயப்படாம எறங்குங்க!"

துண்டை அவிழ்க்காமலே அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"எந்த மேல?"