நுகத்தடியில் கட்டிய தூரக்கண்ணாடி

போன வாரம் நானே துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் ஒரு நீல வட்டம். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலக்காமல் நேரே துணிமேல் விட்டிருக்கிறேன். மருமகள் பார்த்துவிட்டு, "ஒங்கள யாரு மாமா தொவைக்கச் சொன்னா?" என்று சிரித்தாள். நானோ அந்த வட்டத்துக்கு நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தால் அசல் விமானமாகிவிடுமே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். நான் தேனி பஜாரில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. ஏறி இறங்கினால் சட்டை முழுக்கக் கரி மணம். கல்யாண வீட்டுச் சமையல்காரனோ என்று கேட்பார்கள். அந்தப் பஸ்ஸில் மாதம் ஒருமுறை கம்பத்துக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டிருந்த அக்காவைப் பார்க்கப் போவேன். லோயர் கேம்ப்பில் இறங்கி வருகிற பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற நஞ்சை அவர்களுக்கு.

மச்சான் ஆறடி ஆள். வரப்பில் பாம்பு கிடந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நடப்பார். தரையில் எதற்கும் பயமில்லாத அந்த மனுஷனுக்கு வானத்திலிருந்து பயம் வந்தது. "செகப்பு வட்டம் போட்ட ஏரோப்ளேன் ஜப்பான்காரனோடது, கண்டா பள்ளத்துல குப்புறப் படுங்க" என்று தண்டோராக்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வாரத்தில் பாதி நாள் காலையில் மேற்கு மலையைத் தாண்டி ஒரு விமானம் வந்து, வயலுக்கு மேலாகக் கிழக்கே போய்க்கொண்டும் இருந்தது. இரண்டையும் சேர்த்து மச்சான் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"பெரியாத்து அணைய நோட்டம் பாக்க வாரான் மாப்ள. அது ஒடஞ்சா ஊரே மெதக்கும். மெதக்குற ஊருல நாத்து எதுக்கு?"

அணை உடைந்தால் தண்ணீர் மலையாளத்துப் பக்கம்தான் ஓடும், நமக்கு மிதக்க அல்ல, குடிக்கவே கிடைக்காது என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. நானும் தலையை ஆட்டினேன். ஆணி நிறுக்கிறவனுக்கு அணைக்கட்டைப் பற்றி என்ன தெரியும்!

கிழக்கே தேவதானப்பட்டியில் மச்சானுடைய அக்கா வீடு. குடும்பத்தோடு அங்கே போய்விடுவது என்று அவர் சொல்ல, என் அக்கா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். வீட்டில் இருந்த விதைநெல் அத்தனையும் முதல் போகத்துக்கு நாற்றங்காலில் கிடந்தது. நாற்று நடுகிற பருவத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் முத்திவிடும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. வருஷச் சோறு போச்சு.

"போறதுன்னா போங்க. நாத்தப் பறிச்சு யாரு தலையில நடுறது? அது ஜப்பான்காரன்தான்னு நீங்க கண்டீகளா?"

"கண்ணால பாத்து நம்ம ஏரோப்ளேன்னு தெரிஞ்சா நாளைக்கே நடுறேன். போதுமா?"

வெள்ளைக்காரன் விமானம் எப்போது நம்ம விமானம் ஆயிற்று என்று கேட்பீர்கள். கதர் கட்டிய சிநேகிதன் ஒருவன் என்னைக் கேட்கவும் செய்தான். குண்டு போடாமல் போகிற விமானமெல்லாம் அந்த வாரம் எங்களுக்கு நம்ம விமானம்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, தேனியில கெடைக்காத சாமானா? ஒரு தூரக்கண்ணாடி வாங்கிட்டு வா. வெல கொறச்சலாப் பாரு."

இரும்புக்கடைக்கு எதிரே ஆசீர்வாதம் அண்ணாச்சி கடை. ஊசியிலிருந்து ஆர்மோனியம் வரை வைத்திருப்பார். மலைமேல் எஸ்டேட் துரை ஒருவர் சண்டைக்குப் போனபோது ஏலம் விட்ட பங்களாச் சாமான்களில் இரண்டு தூரக்கண்ணாடிகள் அவரிடம் வந்திருந்தன. ஒன்று பித்தளை, இழுக்க இழுக்க நாதஸ்வரம் போல நீளும். மற்றது முழங்கை நீளம்கூட இல்லை. தோலுறை கிழிந்து, ஓரம் நசுங்கிக் கிடந்தது. நீளமானது தூரத்துச் சாமானை ரொம்பப் பெரிசாகக் காட்டும் என்றார் அண்ணாச்சி. எனக்கு அது போதாதா? விலையைக் கொஞ்சம் அடித்துப் பேசி அதைத்தான் வாங்கினேன். பஸ்ஸில் வழி நெடுக அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த மிதப்பு இருக்கிறதே, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது.

அடுத்த நாள் காலை விமானம் வந்தது. குழாயைத் தூக்கினேன். வானம் தெரிந்தது. இன்னும் வானம் தெரிந்தது. ரொம்பப் பெரிசாகக் காட்டுகிற கண்ணாடி ரொம்பக் கொஞ்சம் இடத்தைத்தான் காட்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விமானத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் கை நடுங்கியது. கை நடுங்கினால் விமானமும் குதித்தது. ஒரே ஒரு கணம் இறக்கையின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது.

"என்ன தெரியுது மாப்ள?"

"செகப்பு, மச்சான்."

அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற பலத்தைப் பாருங்கள். மச்சான் குண்டான், உரல், நெல்லுப் பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றத் தொடங்கிவிட்டார். அக்கா என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"முழுசாப் பாத்தியாலே? இல்ல, கண்டதும் கத்திட்டியா?"

முழுசாகப் பார்க்கவில்லை என்று எனக்கே தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை, குழாயைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் தேனிக்கு ஓடினேன். தபாலாபீஸ் சுவரில் விமானப் படம் ஒட்டியிருந்தது நினைவுக்கு வர, முதலில் அங்கே போனேன். ஜப்பான்காரனுக்கு வெறும் சிவப்பு வட்டம். வெள்ளைக்காரனுக்கு நடுவில் அதே சிவப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம், அதற்கும் வெளியே நீல வளையம். சிவப்பு இரண்டு பேருக்கும் பொது! சுற்றி நீலம் உண்டா இல்லையா என்பதுதான் சங்கதி.

இந்தத் தடவை அண்ணாச்சி பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். கறிக்கடைகளுக்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீளமானதில் ஒரு பருந்துகூடச் சிக்கவில்லை. குட்டையானதைத் தூக்கின உடனே வந்துவிட்டது. அது வட்டமடிக்க, நானும் கூடவே திரும்ப முடிந்தது. உருவம் சின்னதுதான், ஆனால் வெளிச்சமாக, தப்பிப் போகாமல் தெரிந்தது. ஓடுகிற சாமானைப் பார்ப்பதற்குப் பெருக்கத்தைவிடப் பரப்புதான் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பஜாரில் எல்லாரும் நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

"நசுங்குனத எடுத்துக்கிட்டு நல்லதத் தாறீகளே தம்பி!" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். மீதிக்குச் சில்லறை இல்லையென்று சலவை நீலம் இரண்டு பொட்டலம் கையில் திணித்தார்.

நான் திரும்பி வந்தபோது வண்டி பாரம் ஏற்றிக் கிழக்கே பார்த்து நின்றது. ஆனால் மறுநாள் சனிக்கிழமை, கிழக்கே சூலம். குண்டு விழுந்தாலும் விழட்டும், சூலத்தில் மட்டும் கிளம்ப மாட்டார் மச்சான். திங்கட்கிழமையும் கிழக்கே சூலம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. அந்தச் சூலத்தை வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை விமானம் வரவில்லை. மச்சான் புதுக் கண்ணாடியை வாங்கி வயல் கடைசியில் நின்ற பனைமரத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பனைமரத்துக்கே நீலக் கரை கட்டிக் காட்டுது. நாளைக்கு ஏரோப்ளேன்ல நீலம் தெரிஞ்சா, அது ஏரோப்ளேன்ல உள்ளதா, கண்ணாடில உள்ளதா?"

நியாயம்தான். மலிவுக் கண்ணாடி, எதைப் பார்த்தாலும் ஓரத்தில் மெல்லிசாகச் சாயம் தெரிந்தது. அக்கா உள்ளே போய் இரண்டு சுளகை எடுத்து வந்தாள். நெல் புடைக்கிற சுளகுதான். இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்தாள். இரண்டிலும் நடுவில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் ஒரு வட்டம். ஒன்றில் மட்டும், கொஞ்சம் வெள்ளை விட்டு, நான் கொண்டுவந்த சலவை நீலத்தைக் குழைத்துப் பட்டையாக ஒரு வளையம் போட்டாள். மச்சானை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் கொண்டுபோய்ப் பனைமரத்தில் கட்டினாள்.

"இப்பப் பாருங்க. எதுல நீலம் பூசியிருக்கேன்?"

மச்சான் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "வலப்பக்கம்."

"கண்ணாடிச் சாயம் ரெண்டுலயும்ல இருக்கும்?"

"அது நூலு கணக்கா இருக்கு. இது பட்டையா இருக்கு."

"அப்பப் பூசுன சாயம் தெரியுதுல்ல? நாளைக்கும் தெரியும்."

இனி நடுக்கம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு வழி மச்சானே செய்து வைத்திருந்தார், தெரியாமல். அவர் பாரம் ஏற்றினால் முன்பாரம் பின்பாரம் அத்தனை கச்சிதம்; நுகத்தடியை ஒற்றை விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். நுகத்தடி நடுவில் வைக்கோல் பிரியைச் சுற்றிக் கண்ணாடியைக் கட்டினேன். பக்கவாட்டில் திரும்பக் கொஞ்சம் தளர்வு விட்டேன். ஊரைவிட்டு ஓடக் கட்டிய வண்டி, அசையாத தாங்கியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாடுகள் தண்ணீர் குடித்துப் பூட்டத் தயாராக நின்றன. விமானம் வராவிட்டால் புறப்பட வேண்டியதுதான். நாற்றங்காலைப் பார்த்தபடி அக்கா நின்றாள். அவள் கும்பிட்ட சாமியெல்லாம் அன்றைக்கு மேற்கு மலையில்தான் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது.

நான் குனியப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள். "நீ பாத்தது போதும். அவுகளே பாக்கட்டும்."

மச்சான் கண்ணை வைத்தார். அக்கா நுகத்தடியைப் பிடித்தாள்.

"தூக்கு... இன்னுங் கொஞ்சம் தூக்கு... ஆங், புடிச்சிட்டேன். மெதுவா எறக்கு புள்ள, விட்றாத..."

விமானம் கிழக்கே போய் மறைந்த பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்களேன்!" என்றாள் அக்கா.

மச்சான் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒன் நீலச் சொளகுதான்டி பறக்குது! சட்டிபானைய எறக்கு. நடுவைக்கு ஆள் சொல்லிட்டு வாரேன்."

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. அக்கா அந்த நெல்லை அந்தச் சுளகால்தான் புடைத்தாள். "நான் எங்கன ஊரவிட்டுப் போறேன்னு சொன்னேன்?" என்று மச்சான் பிற்காலத்தில் சாதிப்பார். அக்கா சுவரில் மாட்டியிருந்த சுளகை எடுத்துக் காட்டுவாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். முதலில் குங்குமம் போனது, அப்புறம் சுண்ணாம்பு. நீலம் ரொம்ப நாள் நின்றது. இப்போது சுளகும் இல்லை, காட்டுகிறவளும் இல்லை, துண்டை உதறுகிறவரும் இல்லை. கரி பஸ் போயிற்று. தூரக்கண்ணாடி எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ.

ஆனால் சமீபத்தில் அந்த வயலுக்குப் போயிருந்தேன். தண்ணீர் திறந்து, நடவு நடந்துகொண்டிருந்தது. அக்கா பேத்தியும் இறங்கி நட்டுக்கொண்டிருந்தாள். மேற்கு மலைப் பக்கமிருந்து பெரிய இரைச்சலோடு ஒரு விமானம் வந்தது. பழக்கதோஷம், நான் கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்தேன்.

வயலில் ஒரு தலைகூட நிமிரவில்லை. குனிந்தபடி நட்டுக்கொண்டே போனார்கள்.