அருக்காணியின் ஜாதகப் பொட்டி

“வெச்சது வெச்ச எடத்துல இருக்கறதில்லீங்க இந்தப் பொட்டியில.”

கடையைத் திறந்ததும் அருக்காணி இதைச் சொல்வாள். சாத்தும்போதும் சொல்வாள். நடுவில் நீங்கள் போய் நின்றால் உங்களிடமும் சொல்வாள். புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. மவுஸைப் பிடித்தபடியே பேசுவாள், கை போகிற பக்கமெல்லாம் திரையில் இருக்கிற படங்களும் இழுபட்டுப் போகும். அப்புறம் காணோம் என்பாள். சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், எங்கள் மளிகைக் கடையை ஒட்டின அறைதான் அவள் கடை. ‘கம்ப்யூட்டர் ஜாதகம், டைப்பிங்’ என்று வெளியே போர்டு தொங்கும். அவள் ஜோசியக்காரி இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் கோபம் வரும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பொட்டி கணக்குப் போட்டுக் கட்டத்தைக் காகிதத்தில் அடித்துத் தரும். பலன் கேட்டால் ஜோசியரிடம் போகச் சொல்லிவிடுவாள்.

சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றின பாலை நகத்தில் ஒரு சொட்டு வைத்து வழிகிறதா என்று பார்ப்பாள். அவள் புருஷன் செல்லப்பன் தலைச்சோலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஜீப் வந்து நின்றதும் முதல் வேலையாக பானெட்டில் கை வைத்துப் பார்ப்பாள். சூடு குறைந்திருந்தால் நேராக வரவில்லை, எங்கேயோ டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் கடையில் பருப்பு வாங்கினால் தராசுத் தட்டை மாற்றிப் போட்டு இன்னொரு தரம் நிறுக்கச் சொல்வாள். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள். நானும் அவள் டைப் அடித்துக் கொடுக்கிற காகிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்.

அவள் நம்பின ஒரே சாமான் அந்தப் பழைய பொட்டி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, டாஸ். ஒரு எழுத்தைத் தட்டி எண்டர் அடித்தால் ஜாதகம் வரும். அதிகப்பிரசங்கம் எதுவும் கிடையாது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு ஃபிளாப்பி உண்டு. அதை உள்ளே சொருகினால்தான் வேலை செய்யும், யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். அதை எவனாவது திருடிவிடுவான் என்று அருக்காணி தினமும் வீட்டுக்கு எடுத்துப் போய் பீரோவுக்குள், பட்டுப்புடவை மடிப்பில் ஒளித்து வைப்பாள்.

போன மழைக்காலத்தில் இடி விழுந்து பழைய பொட்டி போய்விட்டது. சேலத்திலிருந்து சேகர் என்கிற பையன் புதுப் பொட்டி கொண்டுவந்து வைத்தான். விண்டோஸ். பழைய புரோகிராமை இதிலேயே போட்டுவிடலாம், ஃபிளாப்பியைக் கொடுங்கள் என்றான். சொருகினால் ஓடவில்லை. “நீதான் எதையோ கிண்டி உட்டுட்டே” என்று அருக்காணி அவனைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவன் ஃபிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். உள்ளே வட்டம் வட்டமாகப் பூசணம். மழைக்காலத்தில் ஏற்காட்டில் செருப்பே பூசணம் பிடிக்கும், காற்றே போகாத புடவை மடிப்பில் வைத்தால் எது தப்பும்? மேசையில் கிடந்திருந்தாலும் பிழைத்திருக்கும். அந்தப் புரோகிராமை எழுதின ஆளும் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டாராம்.

ஆகவே புதுப் பொட்டிக்குப் புது ஜாதகப் புரோகிராம் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் சேகர் மூன்று சி.டி. கொண்டுவந்து மூன்றையும் ஏற்றினான். ஓட்டிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். பிடித்ததை என்று சொன்னதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு விஷயம் அவள் கைக்குப் போனது. என் நாத்தனார் ராசம்மாளுக்கு ஒரே மகள் வள்ளி. அப்பா இல்லாத பெண். ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துத் தட்டிப் போயிருந்தது. இந்தத் தடவை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நல்ல இடம் அமைந்தது. பழைய பொட்டி அடித்த ஜாதகத்தைக் கொடுத்தோம், மகம் நட்சத்திரம், பொருத்தம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பையனின் அம்மா காமாட்சி, அவரும் புருஷனை இழந்தவர்தான், ஒரே ஒரு சொல் அனுப்பினார். காகிதத்தில் மசி மங்கிக் கிடக்கிறது, நிச்சயத்துக்கு முன்னால் தெளிவாக ஒரு காப்பி அனுப்புங்கள் என்று.

நானும் ராசம்மாளும் போய் உட்கார்ந்தோம், சேகரும் அங்கேதான் இருந்தான். அருக்காணி முதல் புரோகிராமை ஓட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார், பூ, கலர். அதன் நடுவில் வள்ளியின் நட்சத்திரம் ஆயில்யம் என்று வந்தது.

ராசம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். ஆயில்யத்துப் பெண் போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். வரப்போகிற மாமியாரோ துணையில்லாத ஆள். இந்தக் காகிதம் சேலத்துக்குப் போனால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவதை ஓட்டினாள். மகம் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் தமிழெழுத்து உடைந்து உடைந்து விழுந்தது, கொம்பு ஒரு வரியில், எழுத்து ஒரு வரியில். எழுத்தே கூட்டத் தெரியாதது நட்சத்திரத்தை எப்படிக் கூட்டியிருக்கும் என்று அருக்காணி முணுமுணுத்தாள். மூன்றாவது ஆடம்பரம் இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. கணக்குப் போடுவதற்கு முன்னால் வாக்கியமா, திருக்கணிதமா என்று அது கேட்டது. வாக்கியம் என்றால் பழைய பாட்டுக் கணக்குப் பஞ்சாங்கம், திருக்கணிதம் என்றால் வானத்தைப் பார்த்துத் திருத்தின கணக்கு என்று சேகர் விளக்கினான். ஒரு நட்சத்திரம் முடிகிற நேரம் இதற்கும் அதற்கும் கொஞ்சம் முன்னே பின்னே வருமாம். வள்ளி சரியாக அந்த இடுக்கில் பிறந்திருக்கிறாள். வாக்கியத்தில் மகம், திருக்கணிதத்தில் ஆயில்யம்.

“இது என்னங்க தம்பி, எங்கிட்டயே கேக்குது?” என்றாள் அருக்காணி.

“வேணுங்கறதை எடுத்துக்கலாங்க்கா.”

“வேணுங்கறதையா? அப்பறம் அதுக்குப் பேரு கணக்கா?”

சேகர் சிரித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அருக்காணி, மகம்னு வர்றதை அடிச்சுக் குடு. பழைய பொட்டி சொன்னதுதானே. நாம ஒண்ணும் திருடலை.”

“பழைய பொட்டி எதை வெச்சு மகம்னுச்சுன்னு இப்பத்தாங்க்கா யோசிக்கறேன். இத்தனை வருசம் அதை ஒரு வார்த்தை கேக்காம உட்டுட்டேனே.”

“கேட்டு என்ன பண்ணப் போற?”

“தெரியலீங்க்கா. எது நெசம்னு தெரியாம அடிச்சுக் குடுக்க மாட்டேன்.”

ஒரு வாரம் ஓடியது, காகிதம் வரவில்லை. பழைய பொட்டி எத்தனை வீட்டுக்கு ஜாதகம் அடித்துக் கொடுத்ததோ, அத்தனையையும் நினைத்துக்கொண்டு மூன்று புரோகிராமிலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னாள். ராசம்மாள் என் காதைக் கடித்தாள், அருக்காணியின் தங்கைக்கும் கல்யாண வயசில் மகள் இருக்கிறாள், இந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போகத்தான் இப்படிச் செய்கிறாளோ என்று. நான் அப்படி இருக்காது என்றேன். அன்றைக்கே அந்தத் தங்கை வீட்டில் சேலத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று நாலு பேரிடம் விசாரிக்கவும் செய்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

சேலத்தில் காமாட்சி வேறு கணக்குப் போட்டார். ஒரு காகிதம் அடிக்க எதற்கு இத்தனை நாள், எதையோ மறைக்கிறார்கள் என்று. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலையில் கிளம்பி நேராக அருக்காணி கடைக்கே வந்துவிட்டார். எங்கள் கடையிலிருந்து பார்த்தபோதே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ராசம்மாளும் வள்ளியும் அன்றைக்கு எங்கள் கடையில்தான் இருந்தார்கள். வள்ளியை ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு ராசம்மாளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

காமாட்சியின் புடவை ஓரமெல்லாம் சேறு. பஸ் வழியில் சூடேறி நின்றுபோய், எல்லோரையும் இறக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற்றினார்களாம். நாங்கள் வாயைத் திறக்கும் முன்னால் அருக்காணி இரண்டு காகிதத்தையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். ஒன்றில் மகம், ஒன்றில் ஆயில்யம். நான் அவள் காலை மிதித்தேன். மிதித்த காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

காமாட்சி இரண்டையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எதும்மா நெசம்?”

“தெரியலீங்க. நேரம் ஒண்ணுதானுங்க, கணக்குத்தான் வேற வேற.”

“அந்த நேரத்தை யாரு சொன்னது?”

அருக்காணி ராசம்மாளைப் பார்த்தாள். இதை அவளும் கேட்டதில்லை, பழைய பொட்டியும் கேட்டதில்லை, புதுசு மூன்றும் கேட்கவில்லை. ராசம்மாள் வீடு கடைசிக் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே. பிரசவம் வீட்டில்தான் ஆனது. வீட்டில் கடிகாரம் கிடையாது.

“மொத பஸ்சு வளைவுல ஹாரன் அடிச்சதுங்க சம்பந்தியம்மா. கொழந்தை அழுவுச்சு, ஹாரனும் கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்ட் போர்டுல என்ன நேரம் போட்டிருந்துச்சோ அதைக் குறிச்சுக்கிட்டோமுங்க.”

“நான் வந்ததும் மொத பஸ்சுதான்” என்றார் காமாட்சி.

எல்லோரும் வெளியே பார்த்தோம். அந்த பஸ் அப்போதுதான் சேலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போர்டின்படி பார்த்தால் அது திரும்பிப் போய் அடுத்த நடைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

“வள்ளி பொறந்த அன்னிக்கு பஸ்சு நேரத்துக்கு வந்துச்சா?”

“மழைங்க” என்றாள் ராசம்மாள்.

“மழைன்னா ரோட்டுல மரம் உழுந்திருக்குமுங்க” என்றாள் அருக்காணி. பஸ் தாமதம் என்றால் பிறந்த நேரமும் தள்ளிப் போகும், ஆயில்யம் தாண்டி மகத்துக்கே வந்துவிடும். அவளுக்கு யாருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்றே தெரியாது.

அப்போதுதான் வள்ளி டீயோடு வந்து நின்றாள். பேச்சின் கடைசி அவள் காதில் விழுந்திருக்கும். டம்ளரில் ஊற்றிக் காமாட்சியிடம் நீட்டினாள்.

“சர்க்கரை போட்டிருக்குதுங்கத்தை. வேண்டாம்னா சொல்லுங்க, வேற கொண்டாறேன்.”

காமாட்சி டம்ளரை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். பிறகு வள்ளியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெதுவாகச் சொன்னார்.

“எம் பையன் நேரம் மில்லுச் சங்கு. அந்தச் சங்கை ஊதறவன் பாதி நாளு தூங்கிப் போயிருவான். தெருவுக்கே தெரியும். எங்களை யாரும் கேக்கலை, நாங்களும் சொல்லலை.”

ராசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். காமாட்சி அருக்காணி பக்கம் திரும்பினார்.

“எம் பையனுக்குப் போட்டது வாக்கியம். ரெண்டு பேருக்கும் அதுலயே போடு கண்ணு. பஸ்சு ஹாரன், மில்லுச் சங்கு ரெண்டையும் அடியில எழுது. எழுதிப்போட்டா யாரும் யாரையும் ஏமாத்துன மாதிரி ஆவாது.”

அப்படி எழுத மூன்று புரோகிராமில் ஒன்றில்தான் இடம் இருந்தது. கலர்ப் புரோகிராமில் பிள்ளையாருக்கே இடம் போதவில்லை. எழுத்து உடைகிறதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த வெறிச்சென்ற மூன்றாவதில் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு வரி காலியாக இருந்தது. அதை யாரும் தொடுவதே இல்லை என்று சேகர் பிறகு சொன்னான். அருக்காணி அந்த வரியில் ‘நேரம்: முதல் பஸ் ஹாரன், மழை நாள், தாயார் சொன்னது’ என்று அடித்தாள். பையனின் காகிதத்தில் மில்லுச் சங்கு. இரண்டிலும் மேலே ‘வாக்கியம்’ என்றும் அடித்தாள். அன்றைக்கே மற்ற இரண்டு சி.டி.யையும் கட்டி சேகருக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. காமாட்சி ஆயில்யத்தை முழுசாக விட்டுவிடவில்லை, அது நாகத்தின் நட்சத்திரம் என்று நாகர் சிலைக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் தாலிக்குப் பொன் எடுத்தார். இன்றைக்கும் கல்லுப் போல இருக்கிறார். வள்ளியின் ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புகிறார். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.

அருக்காணிதான் அதற்குப் பிறகு மோசமாகிவிட்டாள். ஜாதகம் என்று யார் வந்தாலும் விட மாட்டாள். நேரத்தை யார் சொன்னது, கடிகாரமா, கோழி கூவினதா, எஸ்டேட் மணியா, அந்தக் கடிகாரத்துக்கு அன்றைக்குச் சாவி கொடுத்திருந்ததா. கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒருவர், போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று எழுந்து போனார். பாதிப் பேர் சேலத்துக்கே போய் வாங்கிக்கொள்கிறார்கள், அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த வியாபாரம் உருப்படாது என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். பொட்டி வெச்சதை வெச்ச இடத்தில் வைப்பதில்லை என்றாள்.

ஏற்காடு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு, போட் ஏறிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் எதிரில் பாருங்கள், மளிகைக் கடைக்கு அடுத்த அறை. உங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ ஜாதகம் பார்க்க வேண்டியிருந்தால் அவளிடமே போய் அடித்துக்கொள்ளுங்கள். போகும் முன் அம்மாவையோ அத்தையையோ கேட்டு, பிறந்த நேரம் எப்படித் தெரிந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கும் அந்த வரியில் இடம் இருக்கிறது. மவுஸைத் தொடாதீர்கள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இதில் என்ன லாபம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.