தாமரை அணியின் கொடி

அனந்தநாராயணனை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிராயிங் வாத்தியார், அவ்வளவுதான். நான் டிரில் வாத்தியார் வெள்ளைத்துரை. செக்கானூரணிப் பக்கத்துக்காரன், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவன். கணக்கு வாத்தியாரும் இங்கிலீஷ் வாத்தியாரும் எங்கள் இருவரையும் ஒன்றுபோல அலட்சியம் செய்ததால் நாங்கள் சிநேகிதர்களானோம். இல்லாவிட்டால் அந்த மனிதரோடு யாரால் சிநேகிதம் பிடிக்க முடியும்? பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும்.

விளையாட்டு விழாவுக்கு முந்தின ஒரு மாதம் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். நான்கு அணிக்கும் நான்கு கொடி. பழைய பேப்பரில் உருவம் வரைந்து வெட்டி, சிம்மக்கல் தையற்காரன் சுருளியிடம் கொடுத்து, சாயத் துணியில் வைத்துத் தைக்கச் சொல்வார். கொடியில் எழுத்தே கூடாது என்பார். பின்பக்கமிருந்து பார்ப்பவனுக்கு எழுத்து திரும்பித் தெரியும், அவனும் மனிதன்தானே என்பார். தைத்து வந்ததை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, ஐம்பது அடி எண்ணி நடந்து திரும்பி நின்று பார்ப்பார். அங்கிருந்து யானை யானையாகத் தெரியாவிட்டால் தையலைப் பிரித்தாக வேண்டும். "எம்புட்டுத் தடவைதாண்ணே பிரிக்கிறது, அந்த யானைக்கே உசுரு போயிரும்" என்று சுருளி என்னிடம் வந்து புலம்புவான்.

முப்பத்து நாலாம் வருஷம் விழா நடந்த அன்று அவர் மனைவி அகிலாண்டத்துக்கு நான்கு நாள் காய்ச்சல். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஜானு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, போகாதே அப்பா என்று காலையிலேயே சொல்லியிருக்கிறாள். கொடிகளைக் கட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பி வந்தவர், கம்பம் சாய்கிறது, கயிறு சிக்குகிறது என்று சாயங்காலம் வரை மைதானத்திலேயே நின்றுவிட்டார். வீட்டில் இப்படி என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்தபோது அகிலாண்டத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜானு நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கொடியெல்லாம் கட்டியாச்சாப்பா?"

காரியங்கள் முடிந்து புருஷன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். இவர் கடிதம் எழுதினார், பதில் இல்லை. ஒரே ஊரில் நான்கு வருஷம். தானே பொங்கித் தானே சாப்பிட்டு, அடுத்தடுத்த விழாக்களுக்கும் கொடி செய்தார். அதை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்?

முப்பத்தெட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தங்கள் விழாவுக்கும் கொடி வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். ஜானுவின் மகள் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படித்தாள். அன்று சாயங்காலம் அவரே என்னைத் தேடி வந்து ஒரு பேப்பரை விரித்தார். கிண்ணம்போல் விரிந்த ஒரு பூ, அதன் வாயில் ஒரு பொட்டு, கீழே கணு வைத்த தண்டு.

"அகிலாண்டம் தெனம் வாசல்ல போட்ட தாமரைக் கோலம். இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கேன். விழாவுக்கு ஜானு வருவா. இதைப் பார்த்தா என்னோட பேசுவா, வெள்ளைத்துரை."

எந்தக் கொடியால் மகள் போனாளோ அந்தக் கொடியை வைத்தே அவளை அழைக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க மனம் வரவில்லை. சிவப்புத் துணியில் வெள்ளைத் தாமரை. சுருளி அதை ஐந்து முறை பிரித்துத் தைத்தான்.

விழாவுக்கு ஆண்களை விடுவதில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு நடுவராக என்னை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். நீங்க பார்த்துண்டு வந்து சொல்லுங்கோ என்று அனுப்பிவைத்தார்.

நான் எங்கே பந்தயத்தைப் பார்த்தேன்? ஜானுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களோடு உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து தாமரை அணியின் கம்பத்தருகே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் நிரம்பிவிட்டது. பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"சார், அது தாமரை இல்லை. பூஜை மணி. அம்மா தெருவில நின்னுண்டு போடுவா, அப்பா ஆத்துக்குள்ளேருந்து வாசலுக்கு வருவார். அவருக்குத் தலைகீழாத்தான் தெரிஞ்சிருக்கும். ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து பார்த்திருந்தார்னா தெரியும்."

அப்பாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். இதையே சொல்லுங்கோ என்று போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் நான் போனபோது வெளுத்த வேட்டி கட்டி வாசலில் நின்றிருந்தார். அடுப்பில் ஒரு பாத்திரம் நிறையப் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு பால்? என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவர் எட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். உள்ளே போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"ஒவ்வொரு கொடியையும் ஐம்பது அடி நடந்து போய்ப் பார்த்தேன்" என்றார். பிறகு, "வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "சொல்லலை சார்" என்றேன்.

இரவெல்லாம் மனசு கேட்காமல் மறுநாள் விடிந்ததும் போனேன். வாசல் தெளித்திருந்தது. தெருவில் நின்று குனிந்து, கோலமாவால் மணியைப் போட்டு முடித்திருந்தார். டிராயிங் வாத்தியார் கைதான்; ஆனாலும் கோடெல்லாம் கோணல். ஆண்பிள்ளை கோலம் போடுகிறான் என்று பால்காரரும் எதிர்வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. கோலத்தையும் அதற்கு மேலே திறந்து கிடந்த கதவையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்கேருந்துதான் போட்டிருக்கா" என்றார். "நான் வைகைக்குக் குளிக்கக் கிளம்பறச்சே என் முகம் அவளுக்கு நேரே தெரிஞ்சிருக்கும். நான் அவ முகத்தைப் பார்த்ததா ஞாபகமே இல்லை, வெள்ளைத்துரை. கோலத்தை மிதிக்காம தாண்டிப் போனதுதான் ஞாபகம் இருக்கு."