யதுஷாவின் கோட்டும் மூன்று பிஸ்டல்களும்

வில் என்ற சுவிஸ் நகரத்தில் சாம்பல் நிறக் கோட்டும் தோள்பையுமாக ரயிலேறும் யதுஷாவைப் பார்ப்பவர்கள், ஏதோ வங்கியில் வேலை செய்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவள் பாதுகாப்பு நிறுவனமொன்றின் ஊழியர். பல வருடம் சீருடையோடு தொழிற்சாலை வாசல்களில் நின்று கால் நொந்தவள். சென்ற வசந்தத்தில் அவளுக்கு வேறொரு வேலை வாய்க்க இருந்தது. நகை வியாபாரிகளுக்குத் துணையாகச் சாதாரண உடையில், ஆயுதத்தை மறைத்துக்கொண்டு போகும் வேலை. அதற்கான அனுமதிக்குச் சுடும் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் வாசல்தான்.

பயிற்றுநர் வெர்னர் மேசையில் மூன்று சிறிய பிஸ்டல்களை வைத்து, ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். முதலாவது நல்ல தட்டை. இடுப்பில் செருகினால் இருப்பதே தெரியாது. ஆனால் பிடி குட்டை என்பதால் அவளுடைய சுண்டுவிரல் காற்றில் தொங்கியது. சுட்டபோதெல்லாம் கைக்குள் துள்ளி, குறிக்குக் கீழேயே அடித்தது. இரண்டாவதன் விசையை இழுப்பதற்குள் விரல் களைத்துவிட்டது. மூன்றாவது சற்றுத் தடிப்பு, பிடியும் நீளம். சுண்டுவிரலுக்கும் இடம் கிடைத்ததால் குண்டுகள் நினைத்த இடத்திலேயே பட்டன. ஆனால் குனிந்தால் கோட்டுக்குள் முட்டிக்கொண்டு நின்றது.

மறைக்கிற வேலைக்கு மறைவதுதானே முக்கியம் என்று யதுஷா தட்டையானதையே பிடித்துக்கொண்டாள். வெர்னர் வாதாடவில்லை. தேர்வு வெள்ளிக்கிழமை, அதற்குள் யோசி என்று மூன்றின் அளவிலும் நீலப் பிளாஸ்டிக் மாதிரிகளைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில்தான் சிக்கல். கணவன் பிருந்தன் கலியாணமான புதிதில் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான். வீட்டுக்குள் துவக்கோ வேறெந்தத் துப்பாக்கியோ வரக்கூடாது. வன்னியில் போர்க்காலத்தில் சிறுபிள்ளையாக அவன் பார்த்ததே ஒரு ஆயுளுக்குப் போதும். உண்மையானதை நிறுவனத்தின் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் வருவேன் என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். பிளாஸ்டிக்கைக்கூட அவனுக்குக் காட்ட மனம் வராமல், குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒளித்து ஒளித்துச் செருகிப் பார்த்தாள்.

பிருந்தன் உடுப்புத் திருத்தும் கடை நடத்துபவன். ஆள் நடந்து வரும்போதே எந்தத் தையல் இழுக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். மறுநாள் தட்டை மாதிரியைக் கோட்டுக்குள் செருகியபடியே மகள் மாயாவின் சப்பாத்து நாடாவைக் கட்ட யதுஷா குனிந்தாள்.

"தட்டையெண்டாலும் வலப்பக்கம் இழுக்குது," என்றான் அவன், பருப்பைக் கிளறியபடி.

அவளுக்கு முகம் சிவந்தது. "அது பிளாஸ்டிக்தானப்பா."

"தெரியும். மற்ற ரெண்டையும் குளியலறையில விட்டிட்டீர். மாயா ஒண்டைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டவள்."

அவன் அடுப்பை அணைத்தான். கோபிக்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"எது உமக்குக் குறி தப்பாது?"

"பெரிசு. ஆனா அது வெளியில தெரியும்."

"தெரியாமல் செய்யிறது என்ர வேலை. தப்பாமல் அடிக்கிறது உம்மட வேலை. நீர் ரெண்டையும் மாத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

அன்று மாலை முழுவதும் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு அவளை உட்காரச் சொன்னான், குனியச் சொன்னான், மாயாவைத் தூக்கச் சொன்னான். முட்டுவது தடிப்பல்ல, பிடியின் நுனிதான் என்று புரிந்தது. கோட்டின் முதுகுத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் துணி விட்டான். காற்றில் தூக்காமல் இருக்க விளிம்புக்குள் பாரம் வைத்துத் தைத்தான். இத்தனைக்கும் அந்த நீலப் பொருளை அவன் கையால் தொடவில்லை. நகர்த்த வேண்டியபோது அளவுகோலின் நுனியால் தள்ளிவிட்டான்.

வெள்ளிக்கிழமை யதுஷா மூன்றாவதையே எடுத்துக்கொண்டு போய்த் தேறினாள்.

இப்போதெல்லாம் அவள் வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றினால், பிருந்தன் அதை வாங்கி உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறான். உள்துணி தேய்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு முன்னரே தைத்துவிடுவான். அன்று எங்கே போனாள், யாருக்குத் துணை போனாள் என்று கேட்பதில்லை. கோட்டை மாட்டிவிட்டு, "சோறு ஆறுது, வாரும்," என்பான்.