வீச இடமில்லாத விசிறி

என் வலது கை தோளுக்கு மேலே உயராது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குப் பிழைப்புப் போக அது ஒன்று போதும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் என்னைப் புல்லு வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கையை அப்படி ஆக்கியவன் என் தங்கையின் புருஷன். ஒரு சாயங்காலம் கசிப்பைக் குடித்துவிட்டு வந்து, நிறைமாதமாக இருந்தவளைப் போட்டு அடித்தான். நான் நடுவில் போனேன். வாசலில் கிடந்த என் பால்வெட்டுக் கத்தியையே எடுத்து என் மேல் வீசினான்.

போலீஸ் வந்து பிடித்துப்போய் ரிமாண்டில் போட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நல்லா வேணும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லி யாராவது வந்தால் கையைக் காட்டுவேன்.

கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் தங்கைக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ரிமாண்டில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுபோகலாம். அவன் வீட்டு ஆட்கள் கலவானைப் பக்கம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கும் தாய் தகப்பன் இல்லை. பச்சை உடம்போடு தங்கை சோற்றைக் கட்டி என் முன்னால் வைத்தாள்.

"நீ போகலேனா யாரு அக்கா போவா?"

"அவனுக்குச் சோறு தூக்கிட்டுப் போக எனக்கு என்னடி தலையெழுத்து? பட்டினி கெடந்து சாகட்டும்."

"சாகட்டும்னா எம்புள்ளைக்கு அப்பனில்ல."

திட்டிக்கொண்டே தூக்கிப்போனேன். சிறை வாசலில் காவல்காரர் பார்சலைப் பிரித்து, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டு என்று சிங்களத்தில் சொன்னார். விஷம் வைத்திருப்பேனாம். என் கையை வெட்டியவனின் சோற்றை இடது கையால் எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வந்த எரிச்சல் மாதிரி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அந்த நாட்களில்தான் கொழும்பில் யாரோ ஒரு பெரிய மனிதரை உள்ளே போட்டார்கள் என்றும், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி அவர் ஏசி அறையில் படுத்திருக்கிறார் என்றும் டீவியில் கேட்டுவிட்டு வந்து ஆட்கள் பேசினார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அதே பேச்சுதான். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கோடிக் காம்பராவில் இருந்தவளுக்கு வாய் நீளம்.

"ஒந்தங்கச்சி புருசனுக்கும் ஒரு ஏசி கேளேன் புள்ள. மெத்தையும் போட்டுக் குடுக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"நான் சொல்றதுல என்ன தப்பு? ஒரு தப்பும் செய்யாத நம்ம காம்பராவுக்கே ஒரு ஜன்னல் இல்ல. கத்தி எடுத்தவனுக்குக் காத்து வேணுமா? அவனுகளுக்குச் சோறு போடுறதே ஜாஸ்தி."

அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காம்பரா என்று ஒரே அறை. சமையல், படுக்கை, அழுகை எல்லாம் அதற்குள்ளேயே. புகை போக ஓட்டை கிடையாது. சிறையில் இருப்பவன் எங்களை விட நன்றாக இருக்கக் கூடாது என்பதில் லயத்தில் இரண்டு பேச்சே இல்லை. எங்களுக்கு ஏன் ஜன்னல் இல்லை என்று அந்தப் பீலியடியில் அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை.

வெயில் ஏறிய ஒரு மாதத்தில், உள்ளே புழுங்குகிறது அக்கா என்று அவன் கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான். அங்கே கத்தினால்தான் கேட்கும். பக்கத்தில் நிற்கிற எல்லோரும் அவரவர் ஆட்களோடு கத்திக்கொண்டிருப்பார்கள். வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் பாக்கு மட்டையை வெட்டி, ஓரம் வழித்து, ஒரு விசிறி செய்து தந்தாள். கொண்டுபோகிற வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்டுப்பட்டவளே வெட்டியவனுக்கு விசிறி கொண்டுபோகிற கூத்தை யாரிடம் சொல்ல? காவல்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஏசி வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது விசிறி திரும்பி வந்து காவல்காரரின் மேசையில் கிடந்தது.

"எடுத்துட்டுப் போயிருங்கக்கா" என்று வலைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான். "வீச எடமில்ல. கையத் தூக்குனா அடுத்தவன் மூஞ்சில படுது. சண்டை வருது."

"ராத்திரி எப்படிப் படுக்குற?"

நான் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"ஒருக்களிச்சுதான். நிமுந்து படுக்க ஏலாது. ஒருத்தன் திரும்பணும்னா வரிசையே திரும்பணும். தலைமாட்டுல ஒருத்தன் 'ஹெரெண்ட'னு சொல்லுவான். சிங்களம் வெளங்காத பயலுக ரெண்டு மூணு பேரு இருக்கானுக, அவனுகளுக்கு நான் 'திரும்பு'னு சொல்லுவேன். எல்லாரும் திரும்பிப் படுப்போம்."

சொல்லும்போதே கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் எனக்கு உட்கார முடியவில்லை. விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். என் கையைத் தூக்க முடியாமல் செய்தவனுக்குக் கையைத் தூக்க இடமில்லை. சரிக்குச் சரி ஆகிவிட்டது, சந்தோஷப்படு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷம் வரவில்லை, கோபமும் இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியாமல் பஜாரில் இறங்கி, தேயிலைத்தூள் வாங்க மறந்து, பாதி மலை ஏறி, திரும்ப இறங்கினேன்.

கோர்ட்டில் அவனுக்குப் பிணை கேட்டார்கள். நீதவான் என்னைக் கூப்பிட்டு, காயப்பட்டவர் நீங்கள்தானே, பிணை கொடுக்க உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின் வரிசை வாங்குப் பலகையில் இருந்தாள். அவள் முதுகில் அவன் அடித்த தழும்பு இருப்பதும் எனக்குத் தெரியும், அவன் வரவேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டதும் தெரியும். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்க்கிற துவிபாஷிகருக்குக் காத்திருக்காமல் நானே சொன்னேன்.

"வெளியே விட வேண்டாம் ஐயா. வந்தால் மறுபடியும் அடிப்பான். ஆனால் உள்ளே அவனுக்கு நிமிர்ந்து படுக்க ஓர் இடம் கொடுக்கச் சொல்லுங்கள்."

சட்டத்தரணிகள் பக்கம் சிரிப்புக் கேட்டது. நீதவான் சிரிக்கவில்லை. அது இந்தக் கோர்ட்டுக்கு முன்னால் இருக்கிற கேள்வி இல்லை, ஆட்சேபணை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் மறுபடி உள்ளே போனான். தங்கை அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் சோறு கொண்டுபோவதை நிறுத்தவில்லை. அவள் சோற்றைக் கட்டி வாசல் கல்லில் வைப்பாள், நான் எடுத்துப்போவேன்.

வழக்கு முடிந்து, தண்டனையையும் கழித்துவிட்டு அவன் லயத்துக்கு வந்தபோது பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. தங்கை உள்ளே கூட்டிக்கொண்டாள். அவள் புருஷன், அவள் இஷ்டம். அவர்கள் காம்பராவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சாயங்காலமானால் காதை அந்தச் சுவரில் வைத்தபடியே எல்லா வேலையும் செய்தேன். குரல் உயர்ந்தால் ஓடிப்போகத் தயாராக இருந்தேன். அடி விழும் சத்தம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சொறிகிற சத்தம். விடாமல், வறட் வறட் என்று.

பிறகு பிள்ளை சொறிந்தது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பால் குடிக்காமல், தூங்காமல், தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுதது. பிறகு தங்கைக்கு வந்தது, எனக்கு வந்தது. சுவர் என்ன செய்யும், ஒரே பீலி, ஒரே துணிக்கொடி. கோடிக் காம்பரா வரைக்கும் போய்விட்டது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நின்ற ஆட்களில் சொறியாமல் நின்றவர் கிடையாது.

தோட்டத்து மருந்து ஐயா வந்து பார்த்துவிட்டு, இது ஒட்டுகிற சிரங்கு, ஒருத்தருக்குப் பூசிப் பிரயோசனமில்லை என்றார். லயம் முழுக்க ஒரே நாளில் பூச வேண்டும், துணி எல்லாவற்றையும் அவிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேத்தல், கிடாரம் எல்லாம் கொதித்தன. மேலெல்லாம் வெள்ளை மருந்து பூசிக்கொண்டு, எரிச்சல் தாங்காமல், பெரியவர் சிறியவர் எல்லோரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். கோடிக் காம்பராக்காரியின் பேத்திக்கு எரிந்து எரிந்து குரலே போய்விட்டது. பாட்டிக்காரி என் தங்கை புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"அந்த ஜெயில்ல ஒரு போத்தல் மருந்து குடுத்து விட்டிருந்தா இது இங்க வந்திருக்குமா? மனுசனுக தானே அங்க இருக்கானுக? ஒரு மருந்துக்கு வழியில்லையா?"

"சோறு போடுறதே ஜாஸ்தினு நீதானே சொன்ன" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்து ஊதினாள்.

எனக்கு முதுகு எட்டவில்லை. வலது கை உயராது, இடது கை போதாது. கல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதைத் தங்கை பார்த்திருக்க வேண்டும். மருந்துப் போத்தலோடு வந்தாள். கோர்ட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"திரும்பு."

நான் திரும்பினேன். அங்கே, லயத்துக் கோடியில், யாருமில்லாத புல்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவனும் திரும்பிப் படுத்தான்.

இரண்டு பக்கமும் எவ்வளவோ இடம் கிடந்தது. பக்கத்தில் ஆள் இருப்பது போலக் கையை நெஞ்சோடு ஒடுக்கி வைத்திருந்தான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.