வெயிலை விற்கச் சென்ற நாள்

எண்பதுகளின் இறுதியில் என் மகன், ராஜஸ்தான் பாலைவனத்தில் தகடுகள் பதித்துச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்துப் பார்க்கும் ஒரு சோதனை நிலையத்தில் பணியாற்றினான். தாம்பரத்தில் எங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு அது உத்தியோகமாகவே தோன்றவில்லை. மின்வாரியமா, ரயில்வேயா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவனுக்குப் பெண் கொடுக்க முன்வந்த இருவர் இதனாலேயே விலகினர்.

மூன்றாவது இடம் பக்கத்திலிருந்த பீர்க்கன்கரணையில் அமைந்தது. பெண்ணின் தந்தை, வயல்களை மனைகளாக்கி விற்றுச் சிமெண்டு கடை வைத்தவர். கோயிலில் நான் செய்யும் தேவாரப் பதிக விளக்கத்தைத் தவறாமல் கேட்பவர். அந்தப் பழக்கத்தையே நான் பயன்படுத்திக்கொண்டேன். பிரகாரத்தில் அவரை நிறுத்தி, ஈசனின் எட்டு வடிவங்களுள் ஒன்று ஞாயிறு என்றேன். அந்த ஞாயிற்றையே என் மகன் கம்பியில் இறக்குகிறான் என்றேன். பாலையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆகவே அந்த நிலையத்துக்கு நட்டமே கிடையாது, விரைவில் இவனே அதன் தலைவனாவான் என்றும் சேர்த்தேன். அவர் கைகூப்பிக் கேட்டார். முதலில் சொன்னது மட்டுமே சமயநூல் கூறுவது. மற்றவை என் வாயில் பிறந்தவை.

மகன் விடுப்பில் வந்தபோது பெண் பார்க்கச் சென்றோம். ஒட்டகத்தில் ஏறியதுண்டா என்று பெண் கேட்டாள். ஏறியதைவிட விழுந்ததே அதிகம் என்று அவன் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். காரியம் முடிந்தது என்றே நான் எண்ணினேன்.

அப்போது அவள் தந்தை கேட்டார்: "தம்பி, வித்தது போக எங்கிட்ட கொஞ்சம் நெலம் கீது. இங்க மட்டும் வெயிலுக்கு இன்னா கொறச்சல்? அந்தத் தகட்டப் போட்டா துட்டு நிக்குமா?"

நான் முந்திக்கொண்டு ஒரு பாடலைத் தொடங்கினேன். மகன் என் முழங்காலைத் தொட்டு நிறுத்தினான்.

"நிக்காதுங்க. வெயில் சும்மா கெடைக்குது, அதப் புடிக்கிற தகடு யானை விலை. பாலைவனத்துலயே கட்டுப்படியாகல. மண்ணு படிஞ்சா கரண்ட் கொறைஞ்சிடும். கழுவறதுக்குத் தண்ணி லாரியில வரணும். சூட்டுல பேட்டரி சீக்கிரம் போயிடுது. இன்னிக்கு டீசல் என்ஜின்தான் மலிவு. லைன் போகாத கிராமத்துக்கு வேணா சரிப்படும். தகடு விலை எறங்கினா பாக்கலாம்."

அவர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். பின் என் பக்கம் திரும்பினார்.

"பையன் நஷ்டம்ன்றான், நம்பறேன். நீங்க சாமி எதிர்ல நின்னுகினு லாபம்னீங்களே சார். நாளைக்கு எம்பொண்ணு உங்க வூட்ல ஒரு கஷ்டம்னு சொன்னா, அதுக்கும் பாட்டு பாடுவீங்களா?"

மறுவாரம், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார். முன்பே பார்த்துப் பொருந்தியிருந்த ஜாதகங்கள் அவை. என் மானத்தைக் காக்க அவர் அளித்த சாக்கு அது. என் விளக்கத்துக்கு வருவதையும் அவர் நிறுத்தவில்லை. தூணருகே அமர்ந்து முன்போலவே கைகூப்பிக் கேட்டார். அவர் இருக்கும் திசையை நான் பார்ப்பதில்லை.

மகன் பணிக்குத் திரும்பிய நாளில் தாம்பரம் நிலையம்வரை உடன் சென்றேன். நடைமேடையில் மெல்லச் சொன்னான்:

"அப்பா, அடுத்த எடத்துல நானே பேசிக்கறேன். நீங்க கூட வந்தா போதும்."

குரலில் கோபமில்லை. என் தோளிலிருந்து நழுவிய துண்டைச் சரிசெய்துவிட்டு வண்டியேறினான்.