ஒன்பதரை மணி ஃபைனலும் பெரும்பாக்கம் கடைசி பஸ்ஸும்

ஐரோப்பிய கிளப் கால்பந்து இறுதிப் போட்டியைச் சென்னையில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க எங்கே போகலாம் என்று ஒவ்வொரு மே மாதமும் யாராவது கேட்கிறார்கள். தி. நகர் ஹோட்டல்களிலும் அடையாறு கஃபேக்களிலும் பெரிய திரை வைக்கிறார்கள். தலைக்கு எண்ணூறு ரூபாய் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், ஆஃப்சைடு என்றால் என்னவென்று பக்கத்து மேஜைக்காரருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். நான் பார்ப்பது பட்டினப்பாக்கம் கடற்கரையில், எங்கள் அணியோடு. இந்த வருடமும் மே கடைசி சனிக்கிழமை போனேன். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். பயணக் கட்டுரை எழுதுகிற தூரமா இது என்று கேட்பீர்கள். இப்படி ஒன்றை ஏற்பாடு செய்ய நினைக்கிறவர்கள் நான் செய்ததைச் செய்யக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பதினான்கு பேர். தீனா கேப்டன், சாந்தோம் பள்ளியில் என்னோடு படித்தவன், இப்போதும் சாந்தோமில்தான் இருக்கிறான். அவன் அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறார். நான் இடது பக்க டிஃபெண்டர், சுமார் ரகம். மற்றவர்களில் பெரும்பாலானோர் பட்டினப்பாக்கத்துப் பிள்ளைகள். அதாவது, பட்டினப்பாக்கத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள். குடியிருப்பு இடிந்து விழும் நிலையில் இருக்கிறது என்று சொல்லி, ஒன்றரை வருடத்துக்கு முன் அவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் அடுக்கு மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள், பிறகு ஏழு பேர். ஏப்ரலில் ஒரு ஞாயிறு நானும் தீனாவும் கோல்கீப்பர் ரஃபியும் மட்டும் நின்றோம்.

ஜூனில் லீக் தொடங்கும். அணி இருக்கிறதா இல்லையா என்று அதற்குள் தீனா சொல்லியாக வேண்டும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இறுதிப் போட்டி முடிந்து திரையில் கோப்பையைத் தூக்கியதும் தீனா எங்கள் பழைய பந்தை மணலில் வைப்பான். அடுத்த சீசன் ஆடுகிறவன் அதன் மேல் கால் வைக்க வேண்டும். கையெழுத்து, சந்தா எதுவும் கிடையாது. கால் வைத்துவிட்டு ஆட வராதவன் என்று எங்களில் ஒருவனும் இல்லை. அதனால் தீனா இந்த இரவைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். “ஃபைனலுக்கு வந்துருவானுங்க மச்சி. வந்தா கால் வெப்பானுங்க. வெச்சுட்டா வந்துதான ஆவணும்?” என்றான். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். திரை, மின்சாரம், ஒளிபரப்பு மூன்றும் என் பொறுப்பு.

இந்த வருடம் போட்டியை நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்கே வைத்துவிட்டார்கள். வழக்கமாகப் பன்னிரண்டரைக்குத் தொடங்கிப் பின்னிரவு இரண்டரைக்கு மேல்தான் முடியும். செய்தி வந்த அன்றே அணியின் வாட்ஸ்அப் குழுவில், “சூப்பர்! பதினொன்றரைக்கு முடிஞ்சிரும், எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்!” என்று போட்டேன். ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கிளம்பினேன். உஸ்மான் ரோடு பக்கத்துக் கடையில் புரொஜெக்டர் வாடகை ஆயிரத்து எண்ணூறு. வெளிச்ச அளவு மூவாயிரம் லூமென்ஸுக்குக் குறைவாக எடுக்காதீர்கள், சாலை விளக்கின் வெளிச்சம் படத்தைத் தின்றுவிடும். சனிக்கிழமை மாலை தி. நகரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது வேண்டாத வேலை. ஆட்டோ பிடித்தேன். முந்நூறு கேட்டார், இருநூற்று இருபதுக்கு வந்தார்.

“இன்னா பிரதர் பொட்டி? கண்ணாலமா?”

“ஃபுட்பால் ஃபைனல் அண்ணே. பீச்சுல திரை கட்டிப் பார்க்கிறோம்.”

“பன்னெண்டரைக்குத்தான போடுவான்?”

“இந்த வருஷம் ஒன்பதரைக்கே.”

“அட போ நைனா! பன்னெண்டரைன்னா சவாரி முட்ச்சிட்டு வந்து குந்துவேன். ஒம்போதரைக்கு எவன் வருவான்?”

தேனாம்பேட்டை சிக்னலில் பதினோரு நிமிடம் நின்றோம். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருந்ததால் மயிலாப்பூரைச் சுற்றிக்கொண்டு போனோம். ஏழு கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம். அவர் சொன்னதை யோசிக்க அது தாராளமான நேரம். நான் டேட்டா பேக் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரைக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர், வெள்ளைப் பக்கம் முன்னால் வருகிற மாதிரி. பேனரில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கடல் காற்று அதைப் படகுப் பாய் மாதிரி இழுத்துக் கம்பத்தையே சாய்த்துவிடும். டீக்கடையிலிருந்து நாற்பது மீட்டர் ஒயர் இழுத்தோம். கடைக்காரருக்கு இருநூறு ரூபாய். எட்டு மணிக்குப் படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை இப்போது சொல்லும்போது எரிச்சலாக இருக்கிறது.

எட்டரையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். பத்துப் பேர். என்னையும் தீனாவையும் சேர்த்துப் பன்னிரண்டு. தீனாவின் அம்மா நெத்திலி வறுத்து ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து வைத்தார். ரஃபி அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “கோல்கீப்பர் கைக்கு வந்தத வுட மாட்டான்மா,” என்றான். “மேட்ச்சுல மட்டும் எல்லாத்தியும் வுடு,” என்று அவர் பேசினைத் திரும்ப இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். தீனா என் முழங்கையில் இடித்தான். அவன் மனதுக்குள் பன்னிரண்டு வரை எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. யார் ஜெயித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் பார்த்தது வேறு. முப்பதாவது நிமிடம் ஒருவன் போனைப் பார்த்தான். நாற்பதாவது நிமிடம் நான்கு பேர். இடைவேளை விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்து மணலைத் தட்டினார்கள். டீ குடிக்கத்தான் என்று நினைத்தேன். செருப்பு மாட்டினார்கள்.

“எங்கடா?” என்றான் தீனா.

“பத்து நாப்பதுக்கு அடையாறுல கடைசி பஸ்ஸு மச்சி. அத்த வுட்டா ஆட்டோக்காரன் அறுநூறு கேப்பான்,” என்றான் ரஃபி.

“போன வருசம் விடியறவரைக்கும் குந்திகினு இருந்தீங்களேடா!”

“போன வருசம் பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சான். அந்நேரத்துக்கு ஏது பஸ்ஸு? வேற வழியில்லாம இருந்தோம். இன்னிக்குத்தான் பஸ் கீதே.”

போன வருடமும் இவர்கள் பெரும்பாக்கத்திலிருந்துதான் வந்தார்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தார்கள், பந்தில் கால் வைத்தார்கள், மணலில் படுத்தார்கள், காலையில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். நட்பு, அணிப் பாசம் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பஸ் இல்லாததால் வந்தது. அதிலும் மோசம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூப்பிட்டதே நான்.

தீனா ஓடிப்போய் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்தான். “சரி போங்க. கால வெச்சுட்டுப் போங்க.”

ஒருவரும் நகரவில்லை. திரையில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னும் கப்பே தூக்கலியே மச்சி,” என்றான் ரஃபி. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “அதுக்கு முன்னாடி வெச்சா செல்லாதுன்னு நீதான சொல்லுவ?”

“இன்னிக்கு செல்லும்டா.”

“போன்ல சொல்றேன்.” அவன் பந்தைப் பார்க்காமல், அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான். மற்றவர்களும் அப்படியே சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் தீனாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது பாதியை நானும் தீனாவும், கடற்கரைக்கு வந்து வேடிக்கை பார்க்க நின்ற யார் யாரோவும் பார்த்தோம். கோப்பையைத் தூக்கினார்கள், காகிதத் துண்டுகள் பறந்தன. “பந்தை வை,” என்றேன்.

“ரெண்டு பேர் கால் வெக்கிறதுக்கு பந்து எதுக்குடா? செங்கல்லு போதும்,” என்றான். பேனரை அவிழ்க்கப் போய்விட்டான். நான் நாற்பது மீட்டர் ஒயரையும் சுற்றி எடுத்தேன். வீடு திரும்ப ஆட்டோவுக்கு முந்நூற்று ஐம்பது.

ரஃபி போன் செய்யவில்லை. தீனா பத்துப் பேருக்கும் போன் செய்தான். நான்கு பேர் எடுத்தார்கள், நான்கு பேரும் “பாக்கலாம்” என்றார்கள். திங்கட்கிழமை அவன் லீக் ஆபீஸுக்குப் போய் இந்த வருடம் நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். ரஃபி மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு ஞாயிறு நானே பெரும்பாக்கம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம், அதில் பாதி நின்றுகொண்டு. கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: புரொஜெக்டரை வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுங்கள். பேனரில் ஓட்டை போட மறக்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு இரண்டு சிம் வையுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்பு, வருகிறவர்கள் எப்படித் திரும்பிப் போவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தொலைவிலிருந்து வருகிறார்கள் என்றால் திரையை அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அதற்கு ஒரு மினி வேன் போதும், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. தீனாவிடம் சொன்னேன். “அடுத்த வருசம் சொல்லு,” என்றான். அடுத்த வருடம் யாரைக் கூப்பிடுவது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டினப்பாக்கம் மணல் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் ஓரமாக, காலுக்குக் கெட்டியாக இருக்கும். இப்போது அங்கே கூட்டமும் இல்லை. தீனா ஞாயிறு தவறாமல் போகிறான். தனியாக ஓடுகிறவர்களுக்கு நல்ல இடம்.